3.2 சதவீதம் சரி, அது எந்தத் தண்ணீர்?

கேள்வி: ரையோலைட் வகை (சிலிக்கா மிகுந்த) எரிமலைக் கண்ணாடியை ஒரு முகவர் வழியாகச் சோதனைக்கு அனுப்பினேன். 'நீர் 3.2%' என்று அறிக்கை வந்தது. அதை வைத்துப் பாறைக்குழம்பு இருந்த ஆழத்தைக் கணக்கிட்டு ஆய்வேட்டில் எழுதிவிட்டேன். இன்னொரு துண்டை 900 டிகிரி உலையில் வைத்தால் பொரி போல உப்பிவிட்டது. அறிக்கை தவறா? (படம் இணைத்துள்ளேன்.)

பதில்: எண் ஓரளவு சரியாகவே இருக்கும். அது எந்தத் தண்ணீர் என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை.

கண்ணாடிக்குள் தண்ணீர் இரண்டு விதமாக இருக்கும். முழு மூலக்கூறாகவே ஒடுங்கிக் கிடப்பது ஒன்று. சிலிக்கான், ஆக்சிஜன் வலையை அறுத்துக்கொண்டு ஹைட்ராக்சிலாக (ஒரு ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த துண்டாக) ஒட்டிக்கொள்வது மற்றொன்று. குழம்பில் கரைந்த நீர் 3 சதவீதத்தை ஒட்டி இருந்தால் இரண்டும் ஏறத்தாழச் சரிபாதியாக இருக்கும். ஆனால் இறுகிய கண்ணாடியில் மழைநீரும் காலப்போக்கில் ஊறும். அந்தக் குளிரில் வலையை அறுக்க அதற்குத் தெம்பு கிடையாது, பெரும்பாலும் மூலக்கூறாகவே தங்கிவிடும்.

உங்கள் படத்தைப் பாருங்கள். வெங்காயத் தோல் மாதிரி வளைவு வளைவாக விரிசல், நடுவே ஊறிய நீர் அதிகம் எட்டாத, கறுத்துப் பளபளக்கும் கரு. இது பெர்லைட், அதாவது நீர் ஊறிய எரிமலைக் கண்ணாடி. உள்ளே ஊறிய நீர் சூட்டில் ஆவியாகி, இளகிய கண்ணாடியை ஊதிவிட்டது.

3.2% நீர் கரைந்திருக்க ஏறத்தாழ 60 மெகாபாஸ்கல் அழுத்தம், அதாவது தலைக்கு மேல் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் பாறை வேண்டும். அதில் குழம்பின் நீர், உதாரணமாக, 0.3% மட்டும்தான், மீதி ஊறிய மழைநீர் என்றால் சில பத்து மீட்டர் போதும். ஆய்வேட்டின் முடிவே மாறிவிடுகிறது.

இந்த முகவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். கல்லை வாங்கியதும் பொடியாக்கி, உலையில் சுட்டு, குறைந்த எடையை 'நீர்' என்று எழுதிவிடுகிறார்கள். பொடி காற்றிலிருந்தும் ஈரம் இழுக்கும். பொடியானபின் கருவையும் விளிம்பையும் பிரிக்கவே முடியாது. என்னிடம் வந்த ஒரு மாணவி இப்படி ஒரே துண்டை இழந்து நின்றார்.

இரும்பு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். சுடும்போது இரும்பு ஆக்சிஜனை ஏற்று எடை கூடும். 1 கிராம் இரும்பு மோனாக்சைடு முழுக்க மாறினால் 0.11 கிராம் ஏறும். ரையோலைட்டில் இரும்பு குறைவு, உங்களுக்குப் பெரிய பாதிப்பில்லை. இரும்பு மிகுந்த பசால்ட் வகைக் கண்ணாடியில் அந்த மோனாக்சைடு 9% இருந்தால் ஏறக்குறைய 1% எடை ஏறி, நீரின் இழப்பையே மறைத்துவிடும். 'எடை கூடிவிட்டது, நீரே இல்லை' என்று எழுதிய அறிக்கையைக்கூட என் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன்.

அட்டவணையில் 'நீர் %' என்று ஒரே கட்டம் கேட்கும் ஆய்வுக்குழுக்களுக்கும் இதில் பங்குண்டு. இரண்டு கட்டம் போட்டால் என்ன குறைந்துவிடும்?

இனி செய்ய வேண்டியது: மிச்சக் கல்லைப் பொடியாக்கக் கொடுக்காதீர்கள். கறுத்த கருவிலிருந்து இருபுறமும் மெருகிட்ட மெல்லிய வில்லை ஒன்று, விளிம்பிலிருந்து ஒன்று வெட்டி, அகச்சிவப்பு நிறமாலைச் சோதனைக்கு நீங்களே நேரில் கொடுங்கள். அலை எண் (ஒரு சென்டிமீட்டருக்கு) 4500-ஐ ஒட்டி ஹைட்ராக்சில், 5200-ஐ ஒட்டி மூலக்கூறு நீர்; இரண்டும் தனித்தனியாக வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். வில்லையின் தடிமனையும் குறித்துத் தரச் சொல்லுங்கள், அது இல்லாமல் சதவீதம் கணக்கிட முடியாது. அதுவரை ஆழம் பற்றிய அத்தியாயத்தைச் சமர்ப்பிக்க வேண்டாம்.