பாண்டிய ராஜாவுக்கு வெல்வெட் சட்டை ஏது? நாடகத்திலும் சினிமாவிலும் உடைகள் ஏன் வரலாற்றோடு ஒத்துப்போவதில்லை?

கதை எந்தக் காலத்தில் நடக்கிறதோ, அந்தக் காலத்துத் துணியும் தையலும் நகையும் மேடையில் இருந்தால் அதை உடையின் வரலாற்றுப் பொருத்தம் என்கிறோம். மதுரைப் பக்கத்துத் திருவிழா நாடகங்களில் இது அபூர்வம். ராஜபார்ட் வந்தால் வெல்வெட்டும் ஜிகினாவும்தான். எந்த நூற்றாண்டு ராஜா என்பதெல்லாம் அப்புறம்!

காரணம் எளிது. நாடகம் விடிய விடிய நடக்கும். கடைசி வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவருக்கும் ராஜா யார், சேவகன் யார் என்று பார்த்ததும் தெரிய வேண்டும். தூரத்தில் வரும் டவுன் பஸ்ஸின் பலகையில் எண்ணைப் பெரிதாக எழுதுவது போலத்தான் இது. சினிமாவில் கேமரா அருகில் போகிறது, அங்கே இந்தச் சாக்கு செல்லாது. ஆனாலும் நாடகத்தில் பழகிய கண் அதே மினுமினுப்பை எதிர்பார்க்கிறது.

சரி, நிஜ ராஜா எப்படி உடுத்தினார்? மீனாட்சியம்மன் கோயில் எதிரே புதுமண்டபத்தில் திருமலை நாயக்கர் (ஆட்சி 1623–1659) சிலை இருக்கிறது. மார்பில் சட்டை இல்லை, தொந்தியைக்கூடச் சிற்பி மறைக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், அதே மண்டபத்தில்தான் வெகுகாலம் தையல்காரர்கள் மிஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்காக, சிலையில் சட்டை இல்லை, ஆகவே அந்தக் கால மன்னர்கள் சட்டையே போட்டதில்லை என்று நினைப்பதும் தவறு. 1520 வாக்கில் விஜயநகரம் வந்த போர்ச்சுகீசியர் பயெஸ், கிருஷ்ணதேவராயர் பொன் பூவேலை செய்த வெள்ளை உடையும் சரிகைக் குல்லாவும் அணிந்திருந்ததாக எழுதியிருக்கிறார்.