கடலுக்கென்று விற்ற மோட்டாரைக் கடல் அரித்தால் யார் பொறுப்பு?

கேள்வி: பெரியதாழையில் ஃபைபர் படகு வைத்துத் தொழில் செய்கிறேன். ஒன்பது மாதங்களுக்கு முன் 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார் புதிதாக வாங்கினேன். போன மாதம் கடலில் சூடேறி நின்றுவிட்டது. கடையில், "உள்ளே உப்பு அடைத்திருக்கிறது, வாரண்டியில் வராது" என்கிறார்கள். கடலில் ஓட்டத்தானே விற்றார்கள்? வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் உப்பு எதனால் அடைத்தது என்பது முதலில் தெரிய வேண்டும். வழக்கு நிற்பதும் விழுவதும் அதில்தான்.

படகின் பின்னால் வெளியே மாட்டும் இந்த மோட்டாருக்கு ரேடியேட்டர் கிடையாது. அடியில் இருக்கும் ரப்பர் இம்பெல்லர் கடல் தண்ணீரை உறிஞ்சி மேலே அனுப்பும். அது சிலிண்டரைச் சுற்றி ஓடிச் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே போகும். ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. கரைக்கு வந்து மோட்டாரை நிறுத்தியதும், உள்ளே மிச்சமிருக்கும் தண்ணீர் சூடான அலுமினியத்தின் மேல் காய்ந்து உப்பை விட்டுவிட்டுப் போகிறது. தினமும் ஒரு படலம் சேர்ந்தால் நீர்ப்பாதை குறுகும், சூட்டுக்கேற்பத் திறந்து தண்ணீரை விடும் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொள்ளும், மோட்டார் சூடேறும். நல்ல தண்ணீர் விட்டு அலசாமல் ஓட்டினால் எந்தக் கம்பெனி மோட்டாருக்கும் இதே கதிதான். அலச வேண்டும் என்று கையேட்டில் எழுதியிருப்பார்கள். பராமரிக்காததால் வரும் அரிப்புக்குப் பொறுப்பில்லை என்று பெரும்பாலான வாரண்டி அட்டைகளும் சொல்கின்றன. நீங்கள் அலசவே இல்லை என்றால் உங்கள் பக்கம் பலவீனம்தான். இதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை கொடுப்பது நியாயமாகாது.

ஆனால் ஒழுங்காக அலசியும் இப்படி ஆகியிருந்தால் விஷயமே வேறு. இம்பெல்லர் சீக்கிரமே கிழிந்திருக்கலாம். தெர்மோஸ்டாட் முதலிலேயே பழுதாக இருந்திருக்கலாம். இவற்றில் உப்பு பின்னால் வந்தது, குறை முன்னால் இருந்தது. அதனால் "உப்பு" என்று வாயால் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள். மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கழற்றிய பாகங்களைப் படமெடுத்து, அவற்றைத் திரும்ப வாங்கி வையுங்கள். இந்தத் தகராறு முடியும்வரை வேறு மெக்கானிக்கைக் கை வைக்க விடாதீர்கள். "வெளியாள் பிரித்துவிட்டார்" என்ற ஒரே காரணத்தைச் சொல்லியே கம்பெனி கழன்றுகொள்ளும்.

"தொழிலுக்கு வாங்கியதால் நீங்கள் நுகர்வோரே இல்லை" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழிலில் பயன்படுத்த வாங்கிய பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. உதவிக்கு ஓரிருவர் கூட வருவதாலேயே அந்த உரிமை போய்விடாது என்பதை உச்ச நீதிமன்றம் 1995இலேயே, பழைய சட்டத்தின் காலத்தில், தெளிவாக்கிவிட்டது. முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். தீரவில்லையென்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம். கடை வெளியூரில் இருந்தாலும் சரி. பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். பில் உங்கள் பெயரில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

கடைக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மணலில் படகேற்றும் ஊர்களில் குழாயும் கிடையாது, ஹோஸும் கிடையாது. அங்கே மோட்டாரை விற்கும்போதே எப்படி அலசுவது என்று செய்து காட்டுவதுதான் முழுமையான விற்பனை. வாரண்டி அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில், போட்டுவிட்டு அப்புறம் அதையே காட்டி மறுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அலசுவதற்கு மேல்பாதி வெட்டிய டிரம் ஒன்று போதும். தண்ணீர் உறிஞ்சும் துளைகள் நன்றாக மூழ்கும்வரை நல்ல தண்ணீர் நிரப்பி, கியரை நியூட்ரலில் வைத்து, பத்து நிமிடம் மெதுவாக ஓட விடுங்கள். சூடேறினால்தான் தெர்மோஸ்டாட் திறந்து தண்ணீர் எல்லா இடத்துக்கும் போகும். தண்ணீரில்லாமல் மட்டும் ஓட்டவே கூடாது, இம்பெல்லர் கருகிவிடும். முடிந்ததும் மோட்டாரை நிமிர்த்தி வைத்து, உள்ளிருக்கும் தண்ணீர் முழுக்க வடியவிடுங்கள். அலசிய தேதிகளை ஒரு நோட்டில் குறித்து வந்தால் நாளைக்கு அது உங்களுக்குச் சாட்சி.

கேள்வி: பழவேற்காட்டில் ஏரியிலும் கடலிலும் ஓட்டுகிறேன். மோட்டாரில் மாட்டும் துத்தநாகக் கட்டி ஒரு வருடமாகியும் புதிது போலவே இருக்கிறது. தரமான கட்டி என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: இல்லை, அது வேலையே செய்யவில்லை. மோட்டாரின் அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் கரைவதற்காகவே அந்தக் கட்டி (கடைகளில் அனோடு என்பார்கள்) இருக்கிறது. கரையாத கட்டி என்றால் அலுமினியம் கரைகிறது என்று அர்த்தம். அதன் மேல் யாராவது பெயின்ட் அடித்திருக்கலாம், அல்லது போல்ட்டுக்குக் கீழே பெயின்டோ உப்போ நின்று உலோகத்தோடு தொடர்பு விட்டுப்போயிருக்கலாம். கழற்றிச் சுரண்டி, உலோகம் உலோகத்தைத் தொடும்படி மாட்டுங்கள். பாதி கரைந்ததும் மாற்றுங்கள்.

உங்கள் ஏரியில் மழைக்காலத்தில் உப்பு குறையும். உப்பு குறைந்த தண்ணீரில் துத்தநாகத்தின் மேல் ஒரு படலம் படிந்து அது செயலிழந்துவிடும். உங்களுக்கு அலுமினியக் கட்டிதான் ஏற்றது. மக்னீசியம் வேண்டாம், அது நன்னீருக்கானது. கடலில் வேகமாகக் கரைந்து காணாமல் போகும். இன்னொன்று: கட்டி தண்ணீருக்குள் இருந்தால்தான் காப்பாற்றும். படகைக் கரையேற்றிய பிறகும், மோட்டாரைத் தூக்கி வைத்த பிறகும் அதனால் பயனில்லை. அப்போது காப்பது நல்ல தண்ணீர்க் கழுவல் மட்டும்தான்.

கேள்வி: நாகப்பட்டினத்தில் பழைய மோட்டார் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. புது பெயின்ட், பளபளவென்று இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: அந்தப் புது பெயின்ட்தான் எனக்குச் சந்தேகம். மூடியைத் திறந்து சிலிண்டர் தலை சேரும் விளிம்பைப் பாருங்கள். வெள்ளைப் பொடி பூத்திருந்தாலோ உப்பு வழிந்த கோடு தெரிந்தாலோ உள்ளே கசிவு. போல்ட் தலைகளுக்கும் சேர்த்துப் பெயின்ட் அடித்திருந்தால், ஒன்றிரண்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அலுமினியத்தில் இறுகிப்போன ஸ்டீல் போல்ட் முறிந்தால் அதை எடுக்கவே தனிச் செலவு.

அடுத்து கியர் ஆயில். அடி ஸ்க்ரூவைத் தளர்த்தும்போது பால் கலந்தது போல வந்தால் தண்ணீர் இறங்கிவிட்டது. பெரும்பாலும் புரொப்பல்லர் தண்டில் தங்கூசி நூல் (மீன்பிடி நைலான் நூல்) சுற்றி, தண்ணீர் புகாமல் தடுக்கும் சீல் அறுந்திருக்கும். சீல் மலிவு, கியர் அப்படியில்லை. டிரம்மில் வைத்து ஓட்டி, பக்கத்தில் பீய்ச்சும் தண்ணீர் வேகமாக, விடாமல் வருகிறதா என்று பாருங்கள். முடிந்தால் மெக்கானிக்கைக் கொண்டு கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம்) பார்த்துவிடுங்கள்.

இன்னொரு மீனவரிடம் நேராக வாங்கினால், அவர் வியாபாரி இல்லை என்பதால் பிறகு நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வழியிருக்காது. விற்பவர் கழற்றிக் காட்ட மறுத்தால் விட்டுவிடுங்கள், பாதி விலையாக இருந்தாலும்.