ஏழு வண்டிகளின் டேட்டாவுக்கு என்ன விலை?

அன்புள்ள அண்ணா,

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குப் பக்கத்து டொங்காட்டிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் குளிர்பெட்டி வைத்த லாரிகள் 7 ஓடுகின்றன. கோழி, காய்கறி, பால் சாமான்கள் ஏற்றுகிறோம். எல்லா வண்டியிலும், அது எங்கே போகிறது என்று காட்டும் டிராக்கர் உண்டு. பெட்டிக்குள் வெப்பநிலை சென்சார், கதவில் ஒரு சென்சார். வண்டிக்கு மாதம் 250 ரேண்ட் கட்டுகிறேன். போன வாரம் டிராக்கர் கம்பெனி ஆள் வந்து, புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் இனி மாதக் கட்டணமே வேண்டாம் என்றார். வண்டிகளிலிருந்து வரும் டேட்டாவை அவர்களும் "அவர்களோடு சேர்ந்த நிறுவனங்களும்" பயன்படுத்திக்கொள்ள நான் சம்மதிக்க வேண்டுமாம். என் அக்கா மகன், "மாமா, போடாதீங்க, டேட்டாதான் இப்போ எண்ணெய், நாமே விற்கலாம்" என்கிறான். யார் பேச்சைக் கேட்பது? இதையெல்லாம் யார்தான் வாங்குகிறார்கள்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், டொங்காட்)

*

அன்புள்ள தம்பி,

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்டீர்களே, அதற்கே முதலில் நன்றி. நம் முன்னோர் 1860-இல் ட்ரூரோ கப்பலில் தொடங்கி இந்தியாவிலிருந்து இந்தக் கரையில் வந்து இறங்கியபோது, வாசிக்கத் தெரியாத ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துவிட்டுத்தான் கரும்புத் தோட்டத்துக்குப் போனார்கள். நாம் வாசிக்கத் தெரிந்தவர்கள். வாசித்துவிடுவோம்.

மருமகன் சொன்ன எண்ணெய்க் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். 2006-இல் கிளைவ் ஹம்பி என்ற பிரிட்டிஷ் கணிதவியலாளர் சொன்ன வாசகம் அது. அதை நம்பி நிறையப் பேர் முதல் போட்டார்கள். கார்களிலிருந்து வரும் டேட்டா மட்டுமே 2030 வாக்கில் 450 முதல் 750 பில்லியன் டாலர் வரை மதிப்புப் பெறலாம் என்று 2016-இல் மெக்கின்சி கணித்தது. அந்த நம்பிக்கையில் கார் டேட்டாவை வாங்கி விற்கும் சந்தை நடத்த இரண்டு கம்பெனிகள் எழுந்தன. ஒன்று இஸ்ரேலின் ஓட்டோனோமோ, இன்னொன்று பிரிட்டனின் வீஜோ. இரண்டும் 2021-இல் அமெரிக்கப் பங்குச்சந்தைக்குப் போயின. 2023-இல் வீஜோ திவால் நிர்வாகியின் கைக்குப் போனது. ஓட்டோனோமோ அதே வருடம் வேறொரு கம்பெனியோடு இணைந்து காணாமல் போனது. இவர்கள் கையில் இருந்தது லட்சக்கணக்கான கார்களின் டேட்டா. உங்களிடம் இருப்பது 7 லாரி. மருமகன் சோர்ந்துபோக வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. எங்கே பணம் இருக்கிறது, எங்கே இல்லை என்று பார்க்கத்தான்.

எண்ணெயை ஒருவர் எரித்தால் இன்னொருவருக்கு இல்லை. டேட்டாவை ஒருவருக்கு விற்றால் அதே நகல் ஆயிரம் பேரிடம் போகலாம், அப்போது விலை நிற்காது. இன்னொரு சிக்கலும் உண்டு. பொருளியலாளர் கென்னத் ஆரோ 1962-இல் சுட்டிக்காட்டியது. ஒரு தகவலுக்கு என்ன மதிப்பு என்று அதைப் பார்க்காமல் வாங்குபவருக்குத் தெரியாது. பார்த்துவிட்டாலோ, காசு கொடுக்காமலே அது அவருக்குக் கிடைத்துவிட்டது. மாம்பழத்தை ஒரு கீற்று வெட்டிக் கொடுத்து விற்கலாம். தகவலை அப்படி வெட்டிக் கொடுக்க முடியாது.

நான் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவன். சில வருடங்களுக்கு முன் நானும் ஒரு நண்பரும் டர்பனில் குளிர்கிடங்குகளுக்கும் குளிர்லாரிகளுக்கும் வெப்பநிலை அளக்கும் கருவி பொருத்திக்கொண்டிருந்தோம். ஒரு வருடத்து அளவுகள் சேர்ந்ததும், கம்ப்ரஸர் பழுதுபார்க்கும் ஒரு கம்பெனியிடம் விற்கப் போனோம். அங்கிருந்த மேனேஜர் பொறுமையாக எல்லாப் பக்கமும் பார்த்தார். பிறகு, "இதை வைத்து திங்கட்கிழமை காலையில் நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. உங்கள் 7 வண்டியும் நிமிடத்துக்கு ஒரு அளவு அனுப்பினால் ஒரு நாளைக்கு 10,080 அளவு, வருடத்துக்கு 36 லட்சத்துக்கும் மேல். பார்க்க மலைப்பாக இருக்கும். ஆனால் சென்சார் பெட்டியின் எந்த மூலையில் இருக்கிறது, எப்போது சரிபார்க்கப்பட்டது, காற்றின் சூட்டை அளக்கிறதா சரக்கின் சூட்டையா என்பதெல்லாம் தெரியாவிட்டால் அது வெறும் எண் குவியல். குளிர்கருவி தன் மேல் படிந்த பனியை உருக்கும்போது காற்றின் சூடு கொஞ்ச நேரம் ஏறி இறங்கும். அது உங்கள் டிரைவருக்குத் தெரியும். ஜோகன்னஸ்பர்கில் உட்கார்ந்து அந்தக் கோட்டைப் பார்ப்பவருக்குச் சரக்கு கெட்டுப்போனது போலத் தோன்றும்.

அதே வருடம் இன்னொன்று நடந்தது. எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் பைன்டவுனிலிருந்து உறைந்த கோழி ஏற்றிப் போனார். பெரிய கிடங்கு ஒன்றின் வாசலில், சரக்கு இளகிவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். உறைந்த உணவு மைனஸ் 12 டிகிரிக்கு மேல் ஏறக்கூடாது என்பது இங்கே 2018-இல் வந்த ஆர் 638 என்ற உணவுச் சுகாதார விதி. நாங்கள் அன்றைய பயணத்தை ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுத்தோம். வழி முழுக்க மைனஸ் 17. வாசலுக்கு வெளியே 3 மணி 40 நிமிடம் நின்றது. ஒருமுறை கதவைத் திறந்தார்கள், யாரும் இறக்கவில்லை, மூடினார்கள், மறுபடி திறந்தார்கள். சூடு ஏறியது அதற்கப்புறம்தான். சரக்கை எடுத்துக்கொண்டு பணமும் கொடுத்தார்கள். மறுநாள் அந்த வாடிக்கையாளர் போன் செய்து, "இந்தத் தாள் எனக்கு ஒவ்வொரு லோடுக்கும் வேண்டும், என்ன கட்டணம்?" என்று கேட்டார். பேரமே பேசவில்லை.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், தம்பி. சென்சார் டேட்டாவுக்கென்று தனியாக ஒரு விலை கிடையாது. அது யாருடைய நஷ்டத்தைத் தடுக்கிறதோ அவர் தரத் தயாராக இருக்கும் தொகைதான் அதன் விலை. ஆகவே வாங்குபவரைத் தேடும்போது, "யாருக்கு டேட்டா வேண்டும்" என்று கேட்காமல், "இது தெரியாததால் யார் கையை விட்டுப் பணம் போகிறது" என்று கேளுங்கள்.

சரி, உலகத்தில் இதை வைத்து எப்படிச் சம்பாதிக்கிறார்கள் என்று கேட்டீர்கள். மிகப் பெரிய அளவில் நடப்பது பண்டமாற்று. வேஸ் செயலி உங்களுக்கு வழி காட்டுகிறது, நீங்கள் ஓட்டும் வேகத்தை எடுத்துக்கொள்கிறது. இலட்சம் பேரின் வேகம் சேர்ந்தால்தான் டிராஃபிக் வரைபடம். காப்பீட்டில் நடப்பதும் ஒருவகைப் பண்டமாற்றுதான். இங்கே டிஸ்கவரி இன்ஷுர் 2011-இலிருந்து நல்லபடி ஓட்டுபவர்களுக்குப் பெட்ரோல் காசில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறது. இதில் ஒரு நேர்மை உண்டு. கொடுப்பதும் வாங்குவதும் இரண்டு பக்கத்துக்கும் தெரிந்தே நடக்கிறது. விமான எஞ்சின் செய்யும் ரோல்ஸ்ராய்ஸ் வேறு வழி. எஞ்சின் ஓடிய மணிக்கணக்குக்குக் காசு வாங்கிக்கொண்டு, பழுது தங்கள் பொறுப்பு என்கிறது. அங்கே சென்சார் டேட்டாவை விற்பது நோக்கமல்ல. எது எப்போது கெடும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு தங்கள் செலவைக் குறைக்கிறார்கள். என் பார்வையில் இந்த மூன்றாவது வழிதான் மிகவும் உறுதியானது. வெறும் டேட்டாவை மாதச் சந்தாவுக்கு விற்பதும் உண்டு, ஆனால் அது ஒரு தொழிலையோ ஒரு வட்டாரத்தையோ முழுதாக மூடும் அளவுக்குச் சேர்த்து வைத்திருப்பவருக்குத்தான் ஓடும்.

இப்போது கம்பெனி ஆள் சொன்னதைப் பார்ப்போம். வருடத்துக்கு 21,000 ரேண்டை விட்டுக்கொடுக்கிறார்கள். காரணம் இல்லாமல் விட மாட்டார்கள். ஆயிரக்கணக்கான வண்டிகளோடு உங்களுடையதையும் சேர்த்து வேறு யாருக்கோ விற்கும் திட்டம் இருக்க வேண்டும். அதில் தவறில்லை. ஆனால் "அவர்களோடு சேர்ந்த நிறுவனங்கள்" யார்? அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் நடந்ததைப் பாருங்கள். எவ்வளவு வேகம், எத்தனை முறை சடாரென்று பிரேக் என்ற விவரமெல்லாம் லெக்ஸிஸ்நெக்ஸிஸ், வெரிஸ்க் என்ற இரண்டு தரவு நிறுவனங்கள் வழியாகக் காப்பீட்டுக் கம்பெனிகளுக்குப் போனது. பலருக்குப் பிரீமியம் ஏறிய பிறகுதான் விஷயமே தெரிந்தது. 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் இதை வெளியிட்டது. 2025 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம், அத்தகைய நிறுவனங்களுக்கு இந்த விவரங்களைத் தர 5 ஆண்டுத் தடை விதிக்கும் உத்தரவை முன்வைத்தது. உங்கள் லாரிகளின் பிரேக் கணக்கு உங்கள் காப்பீட்டுக் கம்பெனிக்குப் போனால், மிச்சமாகும் 21,000-ஐ விட அதிகம் பிரீமியத்தில் போய்விடலாம். எந்தக் கடைக்கு எத்தனை நடை போகிறீர்கள் என்பது உங்களோடு போட்டி போடுபவருக்குப் போனால் அதைவிட மோசம்.

அப்புறம் உங்கள் டிரைவர்கள். இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் நான் சொல்லியாக வேண்டும். வண்டி ராத்திரி எங்கே நிற்கிறது என்பது அந்த மனிதர் எங்கே தூங்குகிறார் என்பது. பெயரை எடுத்துவிட்டுத்தான் விற்போம் என்பார்கள். 2013-இல் 15 லட்சம் பேரின் கைபேசி நகர்வுகளை வைத்து நடந்த ஆய்வில், இடமும் நேரமும் தெரிந்த நான்கே நான்கு புள்ளிகள் இருந்தால் 95 சதவீதம் பேரைத் தனியாகப் பிரித்துவிடலாம் என்று கண்டார்கள். லாரி தினமும் ஒரே தடத்தில் போகிறது, அதில் பெயரை மறைப்பது இன்னும் கடினம். நம் நாட்டின் போப்பியா சட்டம் (தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம்) 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. மீறினால் அபராதம் 1 கோடி ரேண்ட் வரை போகலாம். டிரைவர் எங்கே போனார் என்பது அவரைப் பற்றிய தகவலும்தான். அவருக்குச் சொல்லாமல் அதை விற்கும் உரிமை உங்களுக்கும் இல்லை, டிராக்கர் கம்பெனிக்கும் இல்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் எல்லோரையும் ஒரு நாள் உட்கார வைத்து, எதை அளக்கிறோம், எதற்கு என்று அவர்கள் மொழியில் சொல்வேன்.

அதே சட்டத்தில் உங்களுக்குச் சாதகமாகவும் ஒன்று உண்டு. பல நாட்டுச் சட்டங்கள் தனி மனிதர்களின் தகவலை மட்டும் காக்கின்றன. போப்பியா கம்பெனிகளின் தகவலையும் காக்கிறது. உங்கள் தொழில் பதிவு செய்த கம்பெனியாக இருந்தால், "எங்களைப் பற்றி என்னென்ன வைத்திருக்கிறீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள்" என்று நீங்களும் கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 செப்டம்பர் 12 முதல் இன்னும் ஒரு படி மேலே போய், கருவியைப் பயன்படுத்துபவருக்கு அது உண்டாக்கும் டேட்டாவைப் பெறவும், விரும்பியவரிடம் கொடுக்கச் சொல்லவும் சட்டம் உரிமை தருகிறது. டொங்காட்டில் அது செல்லாது. நமக்கு ஒப்பந்தத் தாள்தான். ஆகவே அந்தத் தாளில் எதற்காகப் பயன்படுத்துவார்கள், எத்தனை வருடம், மறுபடி விற்கலாமா, காப்பீட்டுக் கம்பெனிக்கு உண்டா இல்லையா என்பதெல்லாம் எழுத்தில் வரட்டும். நீங்கள் வேறு கம்பெனிக்கு மாறினால் பழைய அளவுகளெல்லாம் எக்செலில் திறக்கும் கோப்பாக உங்களுக்குத் திரும்ப வர வேண்டும் என்பதையும் விட்டுவிடாதீர்கள். பலர் கேட்க மறப்பது இதைத்தான், பிறகு மாறவே முடியாமல் மாட்டிக்கொள்கிறார்கள்.

மருமகனுக்கு என் யோசனை. டேட்டா கம்பெனி இப்போது வேண்டாம். முதல் வேலையாக, ஒவ்வொரு லோடுக்கும் ஒரு பக்கச் சான்று தயார் செய்யட்டும்: ஏற்றிய நேரம், வழியில் இருந்த சூடு, கதவு திறந்த நேரங்கள், இறக்கிய நேரம். அதை இப்போதிருக்கும் வாடிக்கையாளர்களிடம் காட்டி, வாடகையோடு சேர்த்து விலை பேசுங்கள். வாடகை ஏறாவிட்டாலும், சரக்கு திரும்பி வருவது நின்றாலே லாபம். ஒரு வண்டியின் பெட்டி குளிர எடுக்கும் நேரம் வாரத்துக்கு வாரம் கூடுகிறதா என்றும் பார்க்கட்டும். கம்ப்ரஸரோ கதவு ரப்பரோ போகப் போகிறது என்று அது முன்னாலேயே சொல்லிவிடும்.

பெரிதாகச் செய்ய ஆசை இருந்தால், வாசலில் காத்திருக்கும் நேரத்தைப் பிடிக்கட்டும். டொங்காட், வெருலம், ஃபீனிக்ஸ், ஸ்டாங்கர் பக்கம் உங்களைப் போல ஐந்து, பத்து வண்டி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கிடங்கு வாசல்களில் மணிக்கணக்காக நிற்காதவர் யார்? நிற்கும்போதும் குளிர்கருவி டீசல் குடிக்கிறது. ஆனால் எந்த வாசலில், எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம் என்று ஒருவரிடமும் கணக்கு இல்லை. அந்தக் கணக்கு உங்கள் டிராக்கரிலும் கதவு சென்சாரிலும் கிடக்கிறது. இருபது பேர் சேர்ந்தால் அது ஒரு பொருளாகிவிடும். ஏற்றி அனுப்புபவர்கள் வாங்குவார்கள், கிடங்குக்காரர்களே வாங்கலாம். மாதச் சந்தா வையுங்கள், பார்க்கும் ஒவ்வொரு கணக்குக்கும் இவ்வளவு என்று வைக்காதீர்கள். அப்படி வைத்தால் வாங்குபவர் குறைவாகப் பார்க்கத்தான் முயல்வார். வந்த காசு வண்டிக் கணக்கில் பிரிந்து போகட்டும். ஒன்றில் மட்டும் கவனம்: நேரத்தைப் பகிருங்கள், வாடகை ரேட்டை ஒருபோதும் பகிராதீர்கள். போட்டியாளர்கள் சேர்ந்து விலை பேசினால் 1998-ஆம் வருடப் போட்டிச் சட்டம் குறுக்கே வரும்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் சாலைகளும் பாலங்களும் அடித்துப்போய், டொங்காட்டில் குழாயில் தண்ணீர் இல்லாமல் தவித்த நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். எந்த வழியில் லாரி போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்கு ஓடிய வண்டிகளின் தடங்கள் ஓரிடத்தில் சேர்ந்திருந்தால் தண்ணீர் டேங்கர்களுக்கே வழி காட்டியிருக்கலாம். அப்படி ஒரு நாளில் காசு கேட்காமல் கொடுத்துவிடுவது என்று அந்த இருபது பேரும் சேரும்போது போடும் கூட்டு ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

கம்பெனி கொடுத்த தாளில் "சம்மதம்", "தரவு" என்று வரும் பக்கங்களைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். உங்கள் பெயரையும் வண்டி எண்களையும் மறைத்துவிட்டு அனுப்பினால் போதும். எந்த வரியைத் திருத்தச் சொல்ல வேண்டும் என்று குறித்து அனுப்புகிறேன். அதுவரை மாதம் 250-ஐக் கட்டிக்கொண்டே இருங்கள்.

அன்புடன்,
அண்ணன்