அஞ்சறைப் பெட்டியில் ஒரு செபமாலை

அன்புள்ள டீச்சருக்கு,

எனக்கும் தேவகோட்டைப் பக்கம்தான். காரைக்குடியில் வேலை பார்க்கிறேன். மூன்று வருடமாக உங்கள் கட்டுரைகளை விடாமல் படிக்கிறேன். போன மாதம் ஒரு நாவலைப் பற்றி நல்லபடியாக எழுதியிருந்தீர்கள். அதில் வரும் பங்குச்சாமியார் கல்லறைத் தோட்டத்தில் சாதி பார்க்கிறார், கோயில் கட்டச் சேர்த்த பணத்தில் கை வைக்கிறார். அதே மாதம் நம் கத்தோலிக்க ஆள் ஒருவர் எழுதிய சிறுகதைத் தொகுப்பைப் பற்றி, 'எல்லாரும் கடைசிப் பக்கத்தில் திருந்திவிடுகிறார்கள், ஒருவரையும் நம்ப முடியவில்லை' என்று எழுதினீர்கள். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தது. 'வெளியாள் நம்மைத் திட்டினால் பாராட்டு, நம்மவர் எழுதினால் குறையா? ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர்தானே அவர்?' என்று ஒருவர் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நானும் கதை எழுதிப் பார்க்கிறேன். உட்கார்ந்தாலே இரண்டு பயம். நடந்ததை நடந்தபடி எழுதினால் யாருடைய விசுவாசத்துக்காவது இடறலாகிவிடுமோ? நல்லபடியாக முடித்துவைத்தால் கதை பொய்யாகிவிடுமோ? அம்மா வேறு, 'இல்லாததை இருக்கிற மாதிரி எழுதுறதே பொய்தானே' என்கிறார். ஒரு கதையும் இணைத்திருக்கிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

உங்கள் அம்மா கேட்டதை என் அம்மாவும் கேட்டிருக்கிறார்கள். அதனால் முதலில் அதற்குப் பதில்.

விவிலியத்தில், அரசர் தாவீது தன் படைவீரன் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவையும் போர்முனையில் சாகவிட்ட பிறகு, ஆண்டவர் இறைவாக்கினர் நாத்தானை அனுப்புகிறார். நாத்தான் எடுத்த எடுப்பில் குற்றத்தைச் சொல்லவில்லை, ஒரு கதை சொல்கிறார். பணக்காரன் ஒருவனுக்கு ஏகப்பட்ட ஆடுமாடு. ஏழைக்கு ஒரே ஒரு ஆட்டுக்குட்டி. அது அவன் உணவில் பங்கு தின்னும், அவன் கிண்ணத்தில் குடிக்கும், அவன் மடியில் தூங்கும். பணக்காரன் வீட்டுக்கு விருந்தாளி வந்தபோது அந்த ஒற்றைக் குட்டியைப் பிடித்துச் சமைத்துவிட்டான். கேட்ட தாவீது கொதித்துப்போய், அவன் சாக வேண்டியவன் என்கிறார். அந்த ஆள் நீதான் என்கிறார் நாத்தான். அப்படி ஒரு பணக்காரனும் கிடையாது, ஆட்டுக்குட்டியும் கிடையாது. ஆனால் அது பொய்யா? அந்தக் கிண்ணத்தையும் மடியையும் நாத்தான் சொல்லாமல் விட்டிருந்தால் தாவீதுக்கு அவ்வளவு கோபம் வந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள். கதை எழுதக் கற்றுக்கொள்கிறவர் அந்த ஒரு வசனத்தோடு ஒரு வாரம் உட்காரலாம்.

இல்லாத ஆளை உண்டாக்குவது பொய் ஆகாது. இருக்கிற மனிதர்களைப் பற்றித் தப்பாகச் சாட்சி சொன்னால்தான் பொய். எட்டாவது கட்டளை அதைத்தான் சொல்கிறது. கதை எழுதும்போதும் சரி, மதிப்புரை எழுதும்போதும் சரி, நான் பயப்படுவது அந்தக் கட்டளைக்குத்தான்.

இந்தப் பயம் எனக்கு ஒரு புத்தகத்தால் வந்தது. பல வருடங்களுக்கு முன்னால், நம்மவர் ஒருவர் கொண்டுவந்த கதைத் தொகுப்புக்கு மதிப்புரை கேட்டார்கள். பாதி படித்தேன். பிடிக்கவில்லை. கேட்டவர் பெரியவர், எனக்கு நல்லது செய்தவர். 'நம்ம புத்தகம், நாம சொல்லாம யாரு சொல்லுவா' என்று நினைத்து, மனதில் இல்லாததையெல்லாம் அடுக்கி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து என் வகுப்பில் படித்த பெண் ஒருத்தி, கல்லல் பக்கத்திலிருந்து வருகிறவள், அந்தப் புத்தகத்தோடு வந்து நின்றாள். உண்டியலில் சேர்த்த காசில் வாங்கியிருக்கிறாள். நான் எழுதியதை நம்பி. 'டீச்சர், உங்களுக்கு நெசமாவே புடிச்சிருந்துச்சா?' என்று கேட்டாள். குரலில் குற்றம்சாட்டுவதே இல்லை. தனக்குத்தான் புரியவில்லையோ என்ற சந்தேகம்தான் இருந்தது. அதுதான் என்னை உலுக்கியது. ஒரு நல்ல வாசகியை, அவளுடைய ரசனையையே அவள் சந்தேகப்படும்படி செய்துவிட்டேன். சாமியாரிடம் செய்த அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் அதைப் பொய்ச்சாட்சி என்றே சொன்னேன்.

அதற்கப்புறம் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். எழுதி முடித்த மதிப்புரையை எடுத்து, இந்தப் புத்தகத்தை வேறு ஊர்க்காரர், வேறு வேதக்காரர் எழுதியிருந்தால் இதே வரியை எழுதுவேனா என்று ஒவ்வொரு வரியாகக் கேட்டுக்கொள்வேன். எழுத மாட்டேன் என்று தோன்றினால் அந்த வரி போய்விடும். போன மாதம் அந்தத் தொகுப்பைப் பற்றி எழுதியதும் இப்படிக் கேட்டுப் பார்த்து எழுதியதுதான். அந்த ஆசிரியருக்கு மொழி இருக்கிறது, ஊரின் பேச்சு காதில் இருக்கிறது. தன் ஆள்களைத் திருத்தும் அவசரத்தில் அவர்களைச் சரியாகப் பார்க்காமல் விட்டுவிட்டார். அதைச் சொல்லாமல் விடுவது அவருக்கு நான் செய்யும் நன்மை ஆகாது.

அந்த நாவலுக்கு வருகிறேன். சுவர் வைத்துப் பிரித்த கல்லறைத் தோட்டத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். இல்லாததை அவர் எழுதவில்லை. ஆனால் நான் அதைப் பாராட்டியது சுவரைக் காட்டியதற்காக மட்டும் அல்ல. பணத்தில் கை வைக்கும் அந்தச் சாமியார் விடியற்காலையில் தனியாக எழுந்து முழங்கால் போட்டுச் செபிக்கிற ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதில் நடிப்பே இல்லை. உண்மையாகவே செபிக்கிறார், உண்மையாகவே திருடுகிறார். திட்டுவதற்காக எழுதுகிறவருக்கு அந்த அத்தியாயம் வராது. அன்பியத்தில் கேட்டவர் அதுவரை படித்தாரா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

வீரமாமுனிவர் தேம்பாவணியும் எழுதினார், பரமார்த்த குரு கதையும் எழுதினார். அந்த மூட குருவையும் ஐந்து சீடர்களையும் நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்துச் சிரித்தவர்கள். நான் வகுப்பில் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு நாள், அந்தக் குரு வெள்ளை அங்கி போட்டிருந்தால் இப்படிச் சிரிப்போமா என்று தோன்றியது. பிறத்தியார் குரு என்பதால்தான் நமக்கு அவ்வளவு எளிதாகச் சிரிப்பு வந்தது. அடுத்த வேதத்துக்காரர்கள் நம்மைப் பற்றி எழுதும்போது நாம் முகம் சுளிப்பதற்கு முன்னால் இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

'வெளியாள்' என்ற சொல்லை நம் ஊரில் இருந்துகொண்டு சொல்வதுதான் எனக்கு வருத்தம். 1939இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். சென்னையில் கம்பன் கழகத்தை நிறுவித் தலைமை தாங்கியவர் நீதிபதி மு.மு. இஸ்மாயில், ஓர் இஸ்லாமியர். கம்பனைப் பாடல் பாடலாக எடுத்துப் பேசிய அவரை யாரும் வெளியாள் என்று சொன்னதில்லை. தமிழின் முதல் நாவலை 1879இல் அச்சில் கொண்டுவந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை ஒரு கத்தோலிக்கர், சர்வ சமய சமரசக் கீர்த்தனை எழுதியவரும் அவரே.

திருச்சபையும் இதில் ஒரே இடத்தில் நிற்கவில்லை. 1559இல் தடை நூல் பட்டியல் போட்டது, 1966இல் அதைக் கைவிட்டது. 2024இல் பிரான்சிஸ் பாப்பரசர் இலக்கிய வாசிப்பைப் பற்றியே ஒரு கடிதம் எழுதினார். அதில் தான் 1964-65இல் சேசுசபைப் பள்ளியில் இலக்கியம் சொல்லிக்கொடுத்ததை நினைவுகூர்கிறார். பாடத்தில் இருந்தது ஒரு பழைய காவியம், பையன்கள் கேட்டதோ ஸ்பானியக் கவிஞர் லோர்காவை. காவியத்தை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, அவர்களுக்குப் பிடித்த எழுத்தாளர்களை வகுப்பில் பேசினாராம். இத்தனை வருடம் வாத்தியார் வேலை பார்த்தவளுக்கு அந்த இடம் எவ்வளவு சந்தோஷம் கொடுத்தது என்று சொல்லி முடியாது.

அதற்காக என் விசுவாசத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு நான் புத்தகம் படிப்பதில்லை. ஒரு நாவலை, எல்லாரும் கொண்டாடியதை, பாராட்ட மறுத்தேன். நடை பிரமாதம். ஆனால் அதில் ஒரு சிறுமிக்கு நடக்கும் கொடுமையை, செய்கிறவனுடைய கண்ணாலேயே, ரசித்து ரசித்து எழுதியிருந்தார். அந்தப் பிள்ளைக்கு ஒரு பெயர்கூட இல்லை. எளியவரை ஒரு புத்தகம் எப்படிப் பார்க்கிறது என்ற கேள்வியை நான் நற்செய்தியிலிருந்துதான் கற்றேன், அதை எந்தப் புத்தகத்திடமும் கேட்பேன். கெட்ட வார்த்தை வருகிறதா, குடிக்கிறார்களா என்று எண்ணிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை.

சரி, எழுதுவதற்கு வருவோம். நல்லபடியாக முடித்தால் பொய்யாகிவிடுமோ என்கிறீர்கள். என் பெரியம்மா கானாடுகாத்தான் பக்கம் ஒரு செட்டியார் வளவு வீட்டில் சமையல் வேலை செய்தவர். பத்தொன்பது வயது மகன் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். அடக்கம் முடிந்து வந்த அன்று பெரியம்மா கழுத்திலிருந்த செபமாலையைக் கழற்றினார். கொஞ்ச நாள் கழித்து, ரசத்துக்குச் சீரகம் எடுக்க நான் அஞ்சறைப் பெட்டியைத் திறந்தேன். சீரகத்துக்கும் வெந்தயத்துக்கும் நடுவில், கடுகு இருக்க வேண்டிய கிண்ணத்தில், சுருட்டி வைத்திருந்தார். அதன் சிலுவை, பாடுபட்ட சுரூபம், மேலே தெரிந்தது. மணிகளில் சீரகம் ஒட்டியிருந்தது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இதைக் கதையாக எழுதியபோது, ஈஸ்டருக்கு முந்தைய பாஸ்கா இரவில் பெரியம்மா செபமாலையை எடுத்துத் திரும்பப் போட்டுக்கொள்வதாக முடித்தேன். அழுதுகொண்டேதான் எழுதினேன். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா கை நிறுத்தாமல், 'அவ போட்டுக்கலையே. சாகுற வரைக்கும் போட்டுக்கலையே' என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து, 'ஆனா எறியவும் இல்ல. பெட்டியக் கழுவுறப்பல்லாம் எடுத்துத் தொடச்சு, திரும்ப அதுலயே வச்சுருவா' என்றார்கள்.

எனக்குத் தெரியாத விஷயம் அது. என்னுடைய முடிவை எடுத்துவிட்டு, பெட்டி கழுவுவதை எழுதினேன். ஆண்டவருக்கும் பெரியம்மாவுக்கும் நடுவில் இருபது வருடமாக ஏதோ ஒன்று முறியாமல் இருந்திருக்கிறது. பாஸ்கா இரவை எழுதி நான் அதை மூடி மறைக்கப் பார்த்தேன்.

எபிரேய மொழி எஸ்தர் நூலில் கடவுளின் பெயர் ஓர் இடத்தில்கூட வராது. பின்னால் கிரேக்கத்தில் சேர்ந்த பகுதிகளில்தான் எஸ்தரின் செபம் வருகிறது. நம் விவிலியத்தில் இரண்டும் உண்டு. செபம் இருக்கிற எஸ்தரையும் நான் நேசிக்கிறேன். ஆனால் கதை எழுத உட்காரும்போது, பெயரே சொல்லாத அந்த முதல் எஸ்தர்தான் எனக்குத் தைரியம் கொடுப்பது.

இடறல் ஆகுமோ என்ற உங்கள் இன்னொரு பயம் எனக்கும் இன்னும் தீரவில்லை. திருவாடானை வழியாக ஓரியூருக்குப் போயிருப்பீர்கள். 1693 பிப்ரவரி 4ஆம் தேதி சேசுசபைச் சாமியார் அருளானந்தர் தலை வெட்டுண்ட இடம். அந்தச் சிவந்த மண்ணைத் தாளில் மடித்து எடுத்துவராத வீடு நம் பக்கத்தில் உண்டா? சின்ன வயதில் எங்கள் ஊர்த் திருவிழாவில் அந்த நாடகம் போடுவார்கள். தடியத்தேவர் என்ற மறவர் தலைவர் அவரிடம் ஞானஸ்நானம் பெறுவதற்காக ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்குவார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி ராமநாதபுரம் அரசர் சேதுபதியின் உறவுப்பெண். அவள் போய் முறையிட்டதிலிருந்துதான் துன்பம் தொடங்கும். கூந்தலை அவிழ்த்துப் போட்டு அவள் மேடைக்கு வந்தாலே நாங்கள் பிள்ளைகள் கூச்சல் போடுவோம். ஒரு வருடம், எனக்குப் பத்து வயது இருக்கும், கூச்சலுக்கு நடுவில் அத்தையிடம், 'இவங்க இனிமே எங்க போவாங்க?' என்று கேட்டேன். அத்தை என் வாயைப் பொத்தினார்.

அந்தப் பெண்ணின் கதையை எழுத மூன்று முறை உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அருளானந்தரிடம் வேண்டிக்கொண்டுதான் உட்காருகிறேன். அவருடைய புனிதம் அவளுடைய அழுகையைக் கேட்டால் குறைந்துபோகிற புனிதம் என்று நான் நம்பவில்லை. இப்போது இருபது பக்கம் வந்திருக்கிறது. முடிந்ததும் இங்கேதான் போடுவேன், அப்போது உங்கள் அன்பியத்தில் அதையும் படித்துப் பேசுங்கள்.

உங்கள் கதையை இரண்டு தடவை படித்தேன். மகள் முதன்முதலாக நன்மை வாங்கும் புதுநன்மைக்கு அப்பா குடித்துவிட்டு வருகிறார். மிதியடியைக் கழற்றுகிறார், கீழே வைக்காமல் இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு, கோயில் கதவுக்கு வெளியே நிற்கிறார். உள்ளே பாட்டு கேட்கிறது. இது வரைக்கும் எனக்கு மூச்சே விடத் தோன்றவில்லை. அடுத்த பத்தியில் ஓடிவந்து பீடத்தின் முன்னால் விழுந்து, இனிக் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்கிறார். அந்தப் பத்தியை எழுதியது உங்கள் பயம் என்று நினைக்கிறேன்.

ஊதாரி மைந்தன் உவமையைத் திரும்ப எடுத்துப் படியுங்கள். தம்பி வீட்டுக்குள் போய்விட்டான், ஆட்டம் பாட்டம் நடக்கிறது. அண்ணன் கோபத்தில் வெளியே நிற்கிறான், தகப்பன் எழுந்து வந்து கெஞ்சுகிறார். அவ்வளவுதான். அவன் உள்ளே போனானா இல்லையா என்று இயேசு சொல்லவே இல்லை.

அந்தக் கடைசிப் பத்தியை எடுத்துவிட்டு ஒரு தடவை படித்துப் பாருங்கள். அப்புறம், கையில் இருக்கும் அந்த மிதியடி என்ன மிதியடி, ரப்பரா தோலா, வார் அறுந்ததா என்று ஒரே ஒரு வரி சேர்த்து எனக்குத் திரும்ப அனுப்புங்கள்.

அன்புடன்,
டீச்சர்