யாருக்கும் தெரியாத ராக் இசைக்குழு எதிலாவது நீங்கள் இருந்ததுண்டா?

உண்டு. சோமனூர்ப் பக்கம் ஒரு தறிக்குடோனில் 2010 வாக்கில் தொடங்கினோம். பெயரைக் கேட்காதீர்கள். ஆளுக்கொரு பெயர் சொல்லி, சண்டை முடிவதற்குள் கோயில் நோட்டீஸ் அச்சுக்குப் போய்விட்டது. அதில் பாடகரின் பெயருக்குப் பின்னால் "மற்றும் குழுவினர்" என்று இருந்தது. எங்களுக்கு அச்சில் கிடைத்த ஒரே பெயர் அதுதான்.

விசைத்தறி ஓடுகிற இடத்தில் டிரம்ஸ் அடித்தால் அக்கம்பக்கத்தில் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். ஊடை நூலோடு ஓடும் நாடாக்கட்டை இங்கும் அங்கும் அடிபடுகிற சத்தத்தில், பக்கத்தில் நிற்பவரிடமே கை ஜாடையில்தான் பேச வேண்டும். எங்கள் டிரம்மர் அங்கேயே தறி ஓட்டியவர். தாளத்தை அவர் தறியிலிருந்தே எடுத்துக்கொள்வார். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் தறி மெதுவாகும், பாட்டும் மெதுவாகும். பெரிய டிரம்முக்குள் தலையணை வைத்து அதிர்வை அடக்குவது வழக்கம். நாங்கள் கழிவு நூலை அடைத்தோம். குடோனில் அதற்கா பஞ்சம்?

ஒரே சிக்கல், நாங்கள் வாசிப்பது எங்களுக்கும் கேட்காது. கூலி உயர்வு கேட்டுத் தறிகள் நின்ற சமயத்தில்தான் எங்களை நாங்களே முதல்முறையாகக் கேட்டோம். பேஸ் கிதார்க்காரர் அத்தனை நாளும் வேறு பாட்டை வாசித்திருக்கிறார். கேட்டால், "நீங்கள் எல்லோரும்தான் மாற்றி வாசிக்கிறீர்கள் என்று நினைத்தேன்" என்றார். எங்களில் மூத்தவர் அவர். எனவே நாங்கள் பாட்டை மாற்றிக்கொண்டோம்.

கிதார் என்னுடையது. கொல்கத்தாவில் தயாராகும் கிவ்சன். கிட்டே வந்து எழுத்தைப் படிக்காதவரை ஊரில் அது அமெரிக்கக் கிப்சன். உள்ளே, தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் ஒற்றைச் சுருள் பிக்கப். அது தந்தியின் அதிர்வோடு நிற்காது. மோட்டார், டியூப்லைட் சோக், சுவரில் ஓடும் வயர் என்று எங்கே கரண்ட் இருந்தாலும் அந்த இரைச்சலையும் இழுத்துக்கொள்ளும். இரண்டு சுருளை எதிரெதிராக இணைத்த ஹம்பக்கர் போட்டால் இரைச்சல் தனக்குத்தானே அடித்துக்கொண்டு அடங்கிவிடும். அதற்குக் காசில்லை.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கீழ் ஸ்தாயி 'ஜி' சுரம், நம் கணக்கில் ஐந்து கட்டை, 49 ஹெர்ட்ஸ். அதாவது, வாசிக்காமல் சும்மா நின்றாலே எங்கள் ஆம்ப்ளிஃபயர் ஏறக்குறைய ஐந்து கட்டையில் ரீங்கரிக்கும். அதோடு மோதி வேறு சுருதியில் வாசித்தால் காது கொடுத்துக் கேட்க முடியாது. எனவே தந்திகளை ஓர் இழை ஏற்றி, எல்லாப் பாட்டையும் ஐந்து கட்டையிலேயே அமைத்தோம். அமெரிக்காவில் இந்த வசதி கிடையாது. அங்கே 60 ஹெர்ட்ஸ். ரீங்காரம் 'ஏ ஷார்ப்'புக்கும் 'பி'க்கும் நடுவில் தொங்கும்.

ஆனால் ஐந்து கட்டை ஆண் குரலுக்குத் தோதானது அல்ல. கீழே எடுத்தால் சொல் கேட்காது, மேலே எடுத்தால் அலறல். எங்கள் பாடகர் அலறினார். நாங்கள் ராக் குழுவானது அப்படித்தான். மற்றபடி கொள்கை எதுவும் இல்லை.

மாரியம்மன் நோம்பிக்கு மேடை கிடைத்தது. கம்பம் நட்டுவிட்டால் எங்கள் பக்கம் இரவெல்லாம் ஆட்டம்தான். தப்பட்டைக்காரர்கள் டீ குடிக்கப் போன இடைவெளி எங்களுக்கு. மைக்செட்காரர் எர்த் இல்லாத இரண்டு பின் பிளக்கில் எல்லாவற்றையும் மாட்டிவிட்டார். மைக்கில் உதடு பட்டபோதெல்லாம் பாடகர் ஓரடி துள்ளினார், பையன்கள் விசிலடித்தார்கள். (உயிர் போகிற விஷயம், தயவுசெய்து யாரும் செய்து பார்க்க வேண்டாம்.)

அப்போது நூல் விலை தாறுமாறாக ஏறியிருந்தது. அதைத் திட்டி ஒரு பாட்டு வைத்திருந்தோம். நோம்பிக்கு நன்கொடை கொடுத்தவர்களில் நூல் வியாபாரிகளும் உண்டு. இரண்டாம் சரணத்தில் மைக் நின்றது. கரண்ட் போய்விட்டது என்றார்கள். சீரியல் பல்புகள் மட்டும் ஜகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தன.

மேடையிலிருந்து இறங்கியதும் கோயில் நாதஸ்வரக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க தம்பி, பாட்டு கிடக்கட்டும். அந்தச் சுருதிப்பெட்டியை எங்கே வாங்கினீர்கள்? கடைசி வரைக்கும் அசையவே இல்லையே!" எங்களுக்குக் கிடைத்த ஒரே விமர்சனம் அதுதான்.

2012 மின்வெட்டு எங்களைக் கலைத்தது. பகலும் இரவும் மணிக்கணக்கில் கரண்ட் இல்லை. வாடகைக்கு ஜெனரேட்டர் எடுத்துப் பார்த்தோம். லோடு கூடும்போதும் குறையும்போதும் ரீங்காரத்தின் சுருதி இறங்கி ஏற, பாடகர் அதன் பின்னாலேயே ஓடி மூச்சு வாங்கினார். தறி ஓடாததால் டிரம்மர் வேறு பிழைப்புத் தேடிப் போனார்.

அவர் இப்போது கல்யாணங்களுக்குச் செண்டை மேளம் அடிக்கிறார். முகூர்த்த நாளில் ஆளைப் பிடிக்க முடியாது. மறுபடி சேரலாமா என்று சமீபத்தில் கேட்டேன். "தாராளமாகச் சேரலாமுங்க, அட்வான்ஸ் மட்டும் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள்" என்றார்.