டைவ் வாட்சைத் தினமும் கட்டலாமா? சேலத்து ரிப்பேர் மேசையிலிருந்து பதில்கள்

ஆட்டோமேட்டிக் டைவ் வாட்ச், அதாவது கை அசைவுலயே சாவி ஏறிக்கிற, தண்ணிக்குள்ள முங்குறவங்களுக்காகச் செஞ்ச வாட்ச் பத்திக் கேளுங்கன்னு போன வாரம் சொன்னேன். நாற்பதுக்கு மேல கேள்வி வந்திருக்கு. புதுசா வந்தவங்களுக்காக ஒரு வார்த்தை: கடைவீதிப் பக்கம் அப்பா போட்ட ரிப்பேர் மேசையில முப்பத்திரண்டு வருஷமா உட்கார்ந்திருக்கேன். கையில இருக்கிறது ஒமேகா சீமாஸ்டர் 300 மீட்டர், 2012ல சீட்டு எடுத்து வாங்கினது. அன்னையிலிருந்து தினமும் அதையேதான் கட்டுறேன்.

பதிலுக்கு முன்னாடி ஒண்ணு. பக்கவாட்டுல இருக்கிற சாவியை, அதாவது கம்பெனிக்காரங்க கிரவுன்னு சொல்றதை, உள்ளே அழுத்தி மரை முழுசா ஏறுற வரைக்கும் முறுக்குங்க. தண்ணி குடிச்சு என்கிட்ட வர்ற டைவ் வாட்ச் பெரும்பாலும் சாவி திறந்து கிடந்ததுதான்.

அழகாபுரம்: டயல்ல 300 மீட்டர்னு போட்டிருக்கு. நிஜமாவே அவ்வளவு ஆழம் தாங்குமா?

மேட்டூர் அணை நிரம்பினா 120 அடி, அதாவது 36 மீட்டர் சொச்சம். எட்டு மேட்டூரை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினா வர்ற ஆழம் அது. டைவர்ஸ் வாட்சுக்குன்னு ஐஎஸ்ஓ 6425ன்னு ஒரு தரம் இருக்கு. அந்தப் பேரைப் போட்டு விக்கணும்னா குறைஞ்சது 100 மீட்டர் தாங்கணும். மாதிரிக்கு ஒண்ணை எடுத்துப் பார்த்தா போதாது, ஒவ்வொரு வாட்சையும் எழுதியிருக்கிறதை விட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்துல வச்சுப் பார்க்கணும். ஆக, புதுசா இருக்கும்போது எண் உண்மைதான்.

ஆனா அந்த எண் இரும்புப் பெட்டியில இல்லீங்க. பின்மூடியிலயும் சாவிக்குள்ளயும் கண்ணாடி ஓரத்துலயும் இருக்கிற ரப்பர் வாஷர்ல இருக்கு. வாஷருக்கு வயசாகும், டயல்ல இருக்கிற எண்ணுக்கு வயசாகாது. வருஷத்துக்கு ஒரு தடவை பிரஷர் டெஸ்ட் பண்ணுங்க. மெஷின் உள்ளே காத்தை ஏத்தி, பெட்டி எவ்வளவு நெளியுதுன்னு அளக்கும். கண்ணாடி உள்ளே அமுங்கி அப்படியே நின்னா நல்லது. அமுங்கினது மெதுவா திரும்பி வந்தா எங்கேயோ காத்து உள்ளே போகுதுன்னு அர்த்தம். பத்து நிமிஷ வேலை.

ஏற்காடு, காபி எஸ்டேட்: டிசம்பர்ல காலையில வெளியே வந்தா கண்ணாடிக்கு உள்பக்கம் பனி மாதிரி படியுது. பத்து மணிக்கு மேல தானா மறைஞ்சிடுது. மலை உயரத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா? 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குறது வாட்சைப் பாதிக்குமா?

இன்னைக்கு வந்ததுல ரொம்ப முக்கியமான கேள்வி இது. முதல்ல உயரம். ஏற்காடு 1,515 மீட்டர். கடல்மட்டத்துல இருக்கிற காத்தழுத்தத்துல ஆறுல ஒரு பங்கு அங்கே குறையும், அவ்வளவுதான். 30 பார், அதாவது 300 மீட்டர் தண்ணியோட அழுத்தம் தாங்கற பெட்டிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. தினமும் ரெண்டு தடவை ஏறி இறங்குங்க, ஒண்ணும் ஆகாது.

உள்பக்கப் பனி வேற விஷயம். வெளிப்பக்கம் படிஞ்சா துடைச்சா போயிடும், கவலை இல்லை. உள்பக்கம் படியுதுன்னா உள்ளே ஈரம் ஏற்கெனவே குடியிருக்கு. அது நேத்து ராத்திரி போனதா இருக்கணும்னு இல்லை. ஏப்ரல்ல சேலத்து வெயில்ல வாஷர் தளர்ந்து அப்பவே போயிருக்கலாம். சூட்டுல ஆவியா இருந்ததால உங்க கண்ணுக்குத் தெரியலை. ஏற்காட்டுக் குளிர்ல கண்ணாடி சில்லுன்னு ஆனதும், பிரிட்ஜ்ல இருந்து எடுத்த பால் பாத்திரத்துல வேர்க்கிற மாதிரி படிஞ்சு காட்டிக்கொடுக்குது. மலை உங்களுக்கு நல்லதுதான் பண்ணியிருக்கு.

வீட்டுலயே ஒரு சோதனை. வாட்சை அரை மணி நேரம் கையில கட்டியிருங்க, உடம்புச் சூடு ஏறட்டும். பிரிட்ஜ் தண்ணி ஒரே ஒரு சொட்டு கண்ணாடி நடுவுல விட்டு ஒரு நிமிஷம் கழிச்சுத் துடைங்க. சொட்டு இருந்த இடத்துல உள்பக்கம் வட்டமா மங்கல் நின்னா ஈரம் உறுதி.

பத்து மணிக்கு மறைஞ்சிடுதேன்னு விட்டுடாதீங்க. அது எங்கேயும் போகலை, உள்ளேயேதான் இருக்கு. இந்த மாதிரி ரெண்டு வருஷம் கட்டின ஒரு வாட்சைப் போன மாசம் திறந்தேன். சாவியிலிருந்து உள்ளே போற தண்டு, அதான் கீ ஸ்டெம், அதைச் சுத்தி மஞ்சள் தூள் தூவின மாதிரி துரு. நகத்தால தொட்டதும் உதிர்ந்து மேசையில விழுந்தது. அரிசி டப்பாவுல புதைக்காதீங்க, ஹேர் டிரையர் காட்டாதீங்க. ஆவியாகுமே தவிர வெளியே வராது, சூட்டுல வாஷர் இன்னும் கெடும். இந்த வாரமே இறக்கிட்டு வந்து திறந்து காட்டுங்க. அதுவரைக்கும் சாவியை முறுக்கியே வைங்க.

சூரமங்கலம்: கட்டிக்கிட்டே குளிக்கலாமா?

பச்சைத் தண்ணியில தாராளமா. வெந்நீர், சோப்பு நுரை, ஆவி மூணும் சேர்ந்தா வேண்டாம். சூட்டுல இரும்பு ஒரு அளவு விரியும், ரப்பர் வேற அளவு விரியும். சோப்பு நுரை சின்ன இடுக்குலயும் நுழையும். நீச்சல் குளத்துல இறங்கினா வெளியே வந்ததும் நல்ல தண்ணியில அலசுங்க. சாவி மூடியிருக்கான்னு இறங்கறதுக்கு முன்னாடி பாருங்க, இறங்கின பிறகு இல்லை.

பேர்லேண்ட்ஸ்: பேங்க்ல இருந்து ரிட்டயர்ட் ஆகி ஆறு மாசம் ஆச்சு. இருபது வருஷம் ஒழுங்கா ஓடின வாட்ச் இப்ப விடியற்காலையில நின்னுடுது. சர்வீஸ் பண்ணணுமா சார்?

வாட்ச் களைச்சுப் போகலை ஐயா, உங்க கை ஓய்வெடுத்துக்கிச்சு. உள்ளே அரைவட்டத்துல ஒரு எடை இருக்கு, ரோட்டார்னு பேர். கை அசைய அசைய அது சுத்தித்தான் மெயின் ஸ்பிரிங் ஏறும். முன்னே பஸ் பிடிச்சீங்க, லெட்ஜர் புரட்டினீங்க. இப்ப பேப்பர் படிக்கிறீங்க. காலையில ஒரு 30 சுத்து கையால சாவி கொடுங்க. அதிகமா கொடுத்தா அறுந்துடும்ங்கிற பயம் வேண்டாம். ஆட்டோமேட்டிக்ல ஸ்பிரிங் நிறைஞ்சதும் உள்ளேயே வழுக்கிடும். அப்படியும் நின்னா கொண்டு வாங்க. இருபது வருஷத்துல எத்தனை சர்வீஸ்னு நீங்க சொல்லலை, ஒண்ணுகூட இல்லைன்னா எண்ணெய் காய்ஞ்சிருக்கும், எப்படியும் பண்ணித்தான் ஆகணும். சாவி கொடுத்த பிறகு அழுத்தி முறுக்க மறக்காதீங்க. தினமும் திறக்கிறவங்கதான் தினமும் மறக்கிறாங்க.

இளம்பிள்ளை: மாசா மாசம் அமாவாசைக்குக் கஞ்சமலை சித்தர் கோயில் போவேன். போயிட்டு வந்த மறுநாள் என் வாட்ச் ரெண்டு நிமிஷம் வேகமா ஓடுது. மலை முழுக்கக் காந்தக் கல்லு. அங்கே வாட்ச் கட்டிட்டுப் போகக்கூடாதுதானே? என்னுடையதும் உங்களுடையது மாதிரி சீமாஸ்டர்தான்.

மலையில மேக்னடைட் தாது இருக்கிறது உண்மை. ஆனா நடந்து போறவங்க கையில இருக்கிற வாட்சைக் கெடுக்கிற அளவு பலம் அதுக்கு இல்லை. வேற எங்கேயோ காந்தம் பட்டிருக்கு. போன் பவுச்சைப் பாருங்க.

ஆத்தூர்: அப்பா 80கள்ல துபாய்ல இருந்து கொண்டுவந்த சீக்கோ, பின்னாடி 6309ன்னு இருக்கு. சாவியைச் சுத்தினா ஏறவே மாட்டேங்குது. போயிடுச்சா? எந்த வருஷத்து வாட்ச்னு தெரியுமா?

போகலைம்மா. 6309க்குக் கையால சாவி கொடுக்கிற வசதியே கிடையாது. படுக்கையா பிடிச்சு இப்படியும் அப்படியும் மெதுவா ஆட்டுங்க, ஓடும். வருஷம் பின்மூடி சீரியல் எண்ணுலயே இருக்கு. முதல் எண் வருஷத்தோட கடைசி இலக்கம், ரெண்டாவது மாசம். நீங்க அனுப்பின படத்துல 52ன்னு ஆரம்பிக்குது. 6309 வந்ததே 1976ல, அதனால 75 இல்லை. 1985 பிப்ரவரி.

150 மீட்டர்னு போட்டிருக்கிறதை நம்பித் தண்ணியில விட்டுடாதீங்க. இந்த வயசு வாட்சுகளைத் திறந்தா வாஷர் ரப்பராவே இருக்காது. கருப்பட்டிப் பாகு மாதிரி இழுபடும், பல்குச்சியால சுரண்டித்தான் எடுக்கணும். சர்வீஸ் பண்ணி வாஷர் மாத்தினா நீங்க தினமும் கட்டலாம். டயலை மட்டும் யார் சொன்னாலும் புதுசா மாத்தாதீங்க. அப்பா பார்த்த டயல் அதுதான்.

இளம்பிள்ளை (மறுபடியும்): பவுச்சே இல்லைங்க. கோயில் பக்கம் திசைமானியை வச்சா முள்ளு திரும்புது, என் மகனே பார்த்திருக்கான். முள்ளைத் திருப்புற காந்தம் வாட்சை மட்டும் விட்டுடுமா?

நியாயமான கேள்வி, விரிவா சொல்றேன். திசைமானி முள் ஊசி முனையில மிதக்குது. காந்தபலத்தைக் காஸ்ங்கிற அளவுல சொல்வாங்க. நம்ம பக்கம் பூமியோட காந்தபலம் அரை காஸ்கூட இல்லை, அதுக்கே திரும்பும். தாதுப்பாறை அதோட கொஞ்சம் கூட்டினாலோ குறைச்சாலோ முள் விலகத்தான் செய்யும். வாட்ச் அப்படி இல்லை. டைவர்ஸ் வாட்சுக்கான தரமே மீட்டருக்கு 4,800 ஆம்பியர், அதாவது கிட்டத்தட்ட 60 காஸ் வரைக்கும் தாங்கணும்னு சொல்லுது.

அதைத் தாண்டினா என்ன ஆகும்? உள்ளே தலைமுடி கனத்துல ஹேர் ஸ்பிரிங் சுருண்டிருக்கு. காந்தம் ஏறினா அதோட சுத்துகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டும். ஸ்பிரிங் குட்டையான மாதிரி ஆகி, வாட்சுக்குத் தாளம் போடுற சக்கரமான பேலன்ஸ் வீல் வேகமா ஆடும். அதனாலதான் காந்தம் பிடிச்ச வாட்ச் பெரும்பாலும் முந்துது. எனக்கே நடந்திருக்கு. 2016ல என் வாட்ச் திடீர்னு நாளைக்கு நாலு நிமிஷம் கூட ஓடிச்சு. ராத்திரி மேசையில போன் பவுச் மேலயே கழட்டி வச்சிருக்கேன், மூடியில பொத்தான் காந்தம். இந்தத் தொழில்ல இருந்துக்கிட்டே மூணு நாள் கண்டுபிடிக்க முடியலை.

செவ்வாய்ப்பேட்டை: கொலுசுப் பட்டறை வச்சிருக்கேன். வாட்ச் செயின்ல கீறல். நம்ம பஃப் மோட்டார்லயே பாலிஷ் போட்டுக்கலாமா?

வேண்டாம் அண்ணா. வெள்ளியில உங்க கை எனக்குத் தெரியும், ஆனா இது வேற. டைவ் வாட்ச் பெட்டியில ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி மினுமினுப்பு, பக்கத்துலயே கோடுபோட்ட மங்கல். ரெண்டும் சேர்ற விளிம்பு கத்தி மாதிரி நிக்கணும். பஃப்ல ஒரு தடவை காட்டினா அந்த விளிம்பு சோப்புக்கட்டி மாதிரி உருண்டுடும். போன இரும்பு திரும்ப வராது, விக்கப் போனா விலையும் போயிடும். தினமும் கட்டுற வாட்ச்ல கீறல் விழத்தான் செய்யும், இருக்கட்டும். பட்டறையில ஆசிட் எடுக்கும்போது மட்டும் கழட்டி வைங்க. உப்பு ஆசிட் ஸ்டெயின்லெஸ்ஸையும் புள்ளி புள்ளியா அரிக்கும்.

மூணு பேர்: குளிக்கலாமா?

சூரமங்கலத்துக்குச் சொன்னதைப் படிங்க.

ஓமலூர்: சுத்துற வளையம் ஏன் ஒரே பக்கம் மட்டும் திரும்புது? கரையில இருக்கிறவனுக்கு அது எதுக்கு?

தண்ணிக்குள்ள போனவர் எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு பார்க்கிறதுக்கு. எதுலயாவது இடிச்சு நகர்ந்தாலும், ஆன நேரம் கூடக் காட்டுமே தவிர குறைச்சுக் காட்டாது. அவர் முன்னாடியே மேல வந்துடுவார். நான் டிகாஷன் இறங்க வெந்நீர் ஊத்தினதும் வளையத்துல இருக்கிற முக்கோணத்தை நிமிஷ முள்ளுக்கு நேரா திருப்பி வைப்பேன். பன்னிரண்டு நிமிஷத்துல இறங்கிடும்.

மெய்யனூர்: 10 மணிப் பக்கம் இன்னொரு சாவி இருக்கே?

ஹீலியம் வால்வு. நாள்கணக்கா கடலடி அறையில ஹீலியம் கலந்த காத்து மூச்சுவிடுற தொழில்காரங்களுக்கு. தொடாதீங்க.

அம்மாப்பேட்டை: இப்ப வாங்கினா அஞ்சு வருஷத்துல விலை ஏறுமா?

அது என் வேலை இல்லை. ஆடிட்டரைக் கேளுங்க. 10 லட்சத்துக்கு மேல போனா 2025 ஏப்ரல்ல இருந்து 1 சதவீதம் டிசிஎஸ், அதாவது விக்கிறவங்களே வசூல் பண்ற வரி, பிடிக்கிறாங்க, அதையும் சேர்த்துக் கேளுங்க.

சூரமங்கலம் (மறுபடியும்): இளம்பிள்ளைக்காரர் சொல்றதுல விஷயம் இருக்கு. எங்க தாத்தாவும் கஞ்சமலைக்கு வாட்ச் கட்டிட்டுப் போக மாட்டார்.

தாத்தா காலத்து வாட்ச் எஃகு ஹேர் ஸ்பிரிங்கா இருந்திருக்கும், அதுக்குக் காந்தம் சீக்கிரம் பிடிக்கும். அவர் பயந்தது புரியுது. இப்ப சிலிக்கான்ல ஹேர் ஸ்பிரிங் வந்து, 15,000 காஸ் தாங்கும்னு எழுதிக் கொடுக்கிற டைவ் வாட்ச் இருக்கு. ஆனா நம்ம ரெண்டு பேர் கையில இருக்கிற பழைய சீமாஸ்டர் அது இல்லை.

இளம்பிள்ளை ஐயா, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கோயில்ல தீர்த்தமாடும்போது வாட்சை என்ன பண்றீங்க?

இளம்பிள்ளை: கழட்டி வீட்டுக்காரம்மா கைப்பையில போடுவேன்.

பை எப்படி மூடுது? ஜிப்பா, பட்டுனு ஒட்டுற பொத்தானா?

இளம்பிள்ளை: பொத்தான்தான். பட்டுனு ஒட்டும்.

அங்கேதான் இருக்கு. அந்தப் பொத்தான் காந்தம் ஒட்டின இடத்துல நூத்துக்கணக்கான காஸ். மகன்கிட்ட இருக்கிற திசைமானியை எடுங்க. முதல்ல பைப் பொத்தான் கிட்டே, அப்புறம் தனியா வச்ச வாட்ச் கிட்டே கொண்டு போங்க. வாட்ச் கிட்டே முள் துடிச்சா காந்தம் ஏறியிருக்கு.

மேச்சேரி: தண்ணியில குளிக்க

மேல ரெண்டு தடவை சொல்லியாச்சு. பச்சைத் தண்ணி, சாவி மூடி.

இளம்பிள்ளை: வச்சுப் பார்த்தோம். பொத்தானுக்கு முள் சுத்தியே போயிடுச்சு. வாட்சுக்கு விடாம துடிக்குது. மலை மேல பழி போட்டுட்டேனே.

முள் திரும்பினதை நீங்க பார்த்தது நிஜம்தானுங்க. சனிக்கிழமை சாயங்காலம் கடைக்கு வாங்க. காந்தம் எடுக்கிற பெட்டியில வச்சு எடுக்க அரை நிமிஷம்தான், காசு வேண்டாம். பையையும் கொண்டு வரச் சொல்லுங்க, வேற வாட்ச் எதுவும் அதுல கிடக்குதான்னு பார்த்துடலாம். அடுத்த அமாவாசைக்கு வாட்சைக் கழட்டவே வேண்டாம், கட்டிக்கிட்டே தீர்த்தத்துல முழுகுங்க. சாவியை மட்டும் முறுக்கிட்டு.