கர்னல் கேள்விகள்: முதல் இடம் யார் தருவது?

கேள்வி: லினக்ஸின் மையமான கர்னலில் யார் நினைவகம் கேட்டாலும், பக்கம் பக்கமாகப் பிரித்துக் கொடுக்கும் பட்டி அலோகேட்டர்தான் தருகிறது. அந்த அலோகேட்டரே எழுந்து நிற்க நினைவகம் வேண்டுமே, அதை யார் தருவது? 16 ஜிபி போட்ட என் கணினி கொஞ்சம் குறைத்தே காட்டுவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒவ்வொரு 4096 பைட் பக்கத்துக்கும் கர்னல் ஒரு குறிப்பு வைத்திருக்கிறது. 64 பிட் கணினிகளில் அது பொதுவாக 64 பைட். 16 ஜிபியில் சுமார் 42 லட்சம் பக்கங்கள், ஆக குறிப்புகளுக்கு மட்டும் 256 எம்பி. நீங்கள் தேடும் இடத்தில் ஒரு நல்ல பங்கு இதுதான். மிச்சம் கர்னலும், கணினியோடு வரும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேரும் எடுத்துக்கொண்டது.

இந்தக் குறிப்புகள் இல்லாமல் பட்டி ஓடாது. பட்டி ஓடாமல் குறிப்புகளுக்கு இடம் கேட்க ஆளில்லை. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அதே கதை. நடுவில் புகுந்து முடிச்சை அவிழ்ப்பது மெம்பிளாக், கணினி பூட் ஆகும் தொடக்க நேரத்துக்கு மட்டுமான எளிய அலோகேட்டர். அதனிடம் இரண்டே பட்டியல்கள்: இருக்கும் நினைவகம், எடுத்தாயிற்று என்று குறித்தவை. தொடக்கத்தில் ஒவ்வொன்றிலும் 128 வரிகள். அந்த வரிகள் கர்னல் கோப்புக்குள்ளேயே தைத்து வருவதால் யாரிடமும் இடம் கேட்க வேண்டாம். முன்பு இந்த வேலையைப் பார்த்த பூட்மெம் பக்கத்துக்கு ஒரு பிட் வைத்துக்கொண்டிருந்தது. 2018-இல் 4.20 பதிப்போடு அது போயிற்று. நான் வருத்தப்படவில்லை.

மெம்பிளாக்கில் கவனிக்க வேண்டியது, நீங்கள் குறிக்காததை அது காலி என்றே நம்பும். ஒரு போர்டுக்குக் கர்னலைக் கொண்டுபோனபோது 24 எம்பி இனிட்ராம்எஃப்எஸ்-ஐ (பூட் தொடக்கத்தில் கர்னலுக்குத் தேவைப்படும் கோப்புகளின் மூட்டை) எடுத்தாயிற்று என்று நான்தான் குறித்தேன். பைட் கணக்கு கேட்ட இடத்தில் பக்க எண்ணிக்கையைக் கொடுத்துவிட்டேன்: 6144. அதாவது வெறும் 6 கேபி! மீதியின் மேல் மெம்பிளாக் தாராளமாக எழுதியது. கர்னல் அமைப்பில் ஏதாவது மாற்றினால் பூட் ஆகும், இன்னொன்றை மாற்றினால் ரூட் கோப்பு முறைமை கிடைக்கவில்லை என்று பேனிக், அதாவது கர்னல் அப்படியே நின்றுவிடும். நினைவகச் சில்லு மேல் சந்தேகப்பட்டு இரண்டு நாள் வீண். கடைசியில் பூட் வரியில் (கர்னல் தொடங்கும்போது அதற்குக் கொடுக்கும் கட்டளை வரி) ‘மெம்பிளாக்=டீபக்’ கொடுத்தேன். எடுத்தாயிற்று என்று குறித்த ஒவ்வொரு பகுதியும் தொடக்க, முடிவு முகவரிகளோடு திரையில் ஓடியது. என் வரி மட்டும் அசிங்கமாகக் குட்டையாக நின்றது.

எல்லாம் முடிந்ததும் மெம்பிளாக் காலிப் பக்கங்களை மொத்தமாகப் பட்டியிடம் ஒப்படைத்துவிடும்.

கேள்வி: என் டிரைவர் மாட்யூலுக்குத் தொடர்ச்சியாக 32 எம்பி வேண்டும். மெம்பிளாக்கிடம் கேட்கலாமா?

பதில்: முடியாது. மாட்யூல் என்பது கர்னல் ஓடத் தொடங்கிய பிறகு ஏறும் துண்டு, அது ஏறும் நேரத்தில் பட்டியிடம் ஒப்படைப்பு எப்போதோ முடிந்திருக்கும். தொடர்ச்சியான நினைவகத்தைத் தரும் சிஎம்ஏ-வைப் பாருங்கள். பூட் வரியில் ‘சிஎம்ஏ=64எம்’ என்று போட்டால், அந்த இடத்தை மெம்பிளாக் காலத்திலேயே பிடித்து வைத்துவிடும். அப்புறம் டிஎம்ஏ (சாதனம் நேரடியாக நினைவகத்தை அணுகும் முறை) அழைப்புகள் வழியாகக் கேளுங்கள். அளவைப் பைட்டில் கொடுக்கவும்.